‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சி எழுதுதல்: ஏட்டிலிருந்து அத்தியாயம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங்கில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வசிக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றின் மண்டபத்தில் மாதம் இரு ஞாயிறு எங்கள் எழுத்துக் குழு கூடுகிறது. புதிதாக வருவோரில் பலருக்கு ஒரே ஆசைதான்: கல்கியின் சோழர்கால நாவலான ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த இடத்திலிருந்து கதையைத் தொடர வேண்டும். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும் ஊரில், கெடாவின் பழம்பெயரான கடாரம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு.

ஆனால் பெரும்பாலோர் ஐந்தாவது அல்லது ஆறாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றனர். நடை கைவராததால் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் நாளே தாளை எடுத்து முதல் அத்தியாயத்தை எழுதியதால் நின்றவர்களே மிகுதி. என் முதல் முயற்சியும் அப்படியே நின்றது. இரண்டாம் முறை வரிசையைத் தலைகீழாக்கி, ஏடுகளை முதலிலும் அத்தியாயங்களைக் கடைசியிலும் வைத்த பிறகே நாவல் முடிந்தது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பாகங்களும், அவற்றின் இறுதியில் கல்கி எழுதிய முடிவுரையும் உள்ள பதிப்பு வேண்டும். கதை முடிந்தபின் பாத்திரங்களின் கதி என்ன என்று வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அம்முடிவுரையில் அவரே சிலவற்றுக்கு விடை சொல்லியிருக்கிறார். அதைப் படிக்காமல் எழுதினால் ஆசிரியரோடேயே முரண்பட நேரிடும். அடுத்து, நீலகண்ட சாஸ்திரியாரோ சதாசிவ பண்டாரத்தாரோ எழுதிய சோழர் வரலாறு ஒன்று வேண்டும். இரண்டு தடித்த நோட்டுப் புத்தகங்களும், சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பெரிய தாளும் இருந்தால் போதும்.

உரிமை பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். மலேசியச் சட்டப்படி ஆசிரியரின் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகள் வரையே பதிப்புரிமை உண்டு. தமிழ்நாட்டு அரசும் அவருடைய நூல்களை 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே மூலநாவலின் பாத்திரங்களைக் கையாளத் தடையில்லை. ஆனால் இதற்கு முன் தொடர்ச்சி எழுதிய மற்றவர்கள் படைத்த புதிய பாத்திரங்கள் அவர்களுக்கே உரியவை என்பதால், அவற்றைத் தொடக் கூடாது.

1. நாவலுக்கு ஒரு பெயர் ஏடு போடுதல்

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (தொழிலாளர் அணிவகுப்பில்) கணக்கரான கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வது போல, நாவலை ஒருமுறை பாத்திரக் கணக்குக்காக மட்டுமே படிக்க வேண்டும். முதல் நோட்டில் ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: கதை முடியும்போது அவர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், ஏறத்தாழ என்ன வயது, என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார், எந்த இரகசியம் அவருக்குத் தெரியும்.

முதல் மூன்றையும் எல்லோரும் எழுதிவிடுகின்றனர். நான்காவதும் ஐந்தாவதும் விடுபடுவதால்தான் கதை உடைகிறது. சிங்காதனத்தில் அமர மாட்டேன் என்று வானதி செய்த சபதத்தை மறந்து, இராஜராஜனின் முடிசூட்டு விழாவில் அவளைப் பட்டத்தரசியாக அருகே அமர்த்திய கைப்பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். நாவலை நேசித்த வாசகர் அந்தப் பக்கத்தோடு நூலை மூடிவிடுவார்.

இரகசியத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பதும், இளவரசர் மதுராந்தகர் என்று அறியப்பட்டவரின் பிறப்பு வேறு என்பதும் கதையின் முடிவில் யார் யாருக்குத் தெரியும்? யார் முழுமையாக அறிவர், யார் பாதி அறிவர், யாருக்கு ஊகம் மட்டும் உண்டு? இதைப் பக்க எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் கைப்பிரதி நின்றது இங்கேதான்: அந்த உண்மையை அறிய வழியே இல்லாத ஒரு காவலனை அதைப் பேசவைத்துவிட்டேன், அடுத்த நான்கு காட்சிகளும் அந்தப் பேச்சின் மேல் நின்றதால் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள், அரியணை ஏறியவர் மதுராந்தகரே என்று எழுதுகின்றனர். திரைப்படத்தில் அப்படித்தான்; நாவலில் உத்தம சோழராக முடிசூடுபவர் சேந்தன் அமுதன், அரசியாவது பூங்குழலி. எதற்குத் தொடர்ச்சி எழுதுகிறோம் என்பதை ஏட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

2. கல்வெட்டுகளுக்குத் தனி ஏடு போடுதல்

வரலாற்றுச் செய்திகளை முதல் நோட்டில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஆறு மாதம் கழித்து எது கல்கியின் கற்பனை, எது கல்லில் உள்ளது என்று நமக்கே தெரியாமல் போகும்.

இரண்டாம் நோட்டில் ஆண்டு வரிசையாக எழுதுங்கள். உத்தம சோழரின் ஆட்சி ஏறத்தாழ 970 முதல் 985 வரை. 985இல் இராஜராஜன் பட்டம் ஏறுகிறான். அவனது இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசன் எனப்பட்ட பரமேஸ்வரன் ஆகியோரைச் சுட்டி, அவர்களையும் அவர்களுடைய உறவினரையும் சேர்ந்த உடைமைகளைப் பற்றிப் பேசுகிறது. 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெறுகிறது. 1014இல் அவன் மகன் இராஜேந்திரனின் தனியாட்சி தொடங்குகிறது. 1025இல் கடாரப் படையெடுப்பு.

ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது எந்தக் கல்வெட்டில் அல்லது செப்பேட்டில் உள்ளது என்பதை எழுதுங்கள். பின்னாளில் ஐயம் வந்தால் திரும்பிப் போக வழி இருக்கும்.

இந்த ஏடு இல்லாததால் நேரும் பிழைகளில் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. உத்தம சோழர் காலத்துத் தஞ்சையை எழுதும்போது பெரிய கோயிலின் விமான நிழலில் ஒற்றர்களைச் சந்திக்க வைக்கின்றனர். அந்த நிழல் விழ இன்னும் இருபத்தைந்து முதல் நாற்பது ஆண்டுகள் ஆகும்.

3. மோதும் இடங்களுக்குத் தீர்ப்பு எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். இரண்டு ஏடுகளையும் அருகருகே விரித்து, நாவல் ஒன்றும் கல்வெட்டு வேறொன்றும் சொல்லும் இடங்களையெல்லாம் சுவரிலுள்ள பெரிய தாளில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்.

நான் வகுத்துக்கொண்ட விதி இது. நாவல் வெளிப்படையாகச் சொன்னதை மாற்றக் கூடாது. ஏனெனில் வாசகர் அந்தக் கதையின் தொடர்ச்சிக்காகவே வந்திருக்கிறார். நாவல் பேசாத இடத்தில் கல்வெட்டு சொல்வதே சட்டம். இரண்டும் பேசாத இடம் மட்டுமே எழுதுபவருக்குச் சொந்தம். நாவலும் கல்வெட்டும் நேருக்கு நேர் மோதினால், இரண்டையும் பொய்யாக்காத ஒரு நிகழ்ச்சியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் பெரும்பாலும் நல்ல கதை பிறக்கிறது.

எங்கள் மண்ணுக்கு நெருக்கமான உதாரணம் நாகப்பட்டினத்துப் பௌத்த மடமான சூடாமணி விகாரம். நாவலில், சுந்தர சோழர் காலத்திலேயே அது புகழ்பெற்று நிற்கிறது. பின்னாளில் இராஜராஜனாகும் அருள்மொழிவர்மர் நோயுற்றபோது அங்கேதான் மறைந்திருந்து உடல் தேறுகிறார். ஆனால் ஆனைமங்கலச் செப்பேடுகளோ, இராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை எடுப்பித்ததாகவும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் இராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில் கொடையளிக்கப்பட்டதாகவும் சொல்கின்றன. கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 1006.

குழுவில் ஒருவர், செப்பேட்டில் உள்ளதே உண்மை என்று கருதி, அருள்மொழிவர்மர் விகாரத்தில் தங்கியதே வதந்தி என எழுதினார். இன்னொருவர் செப்பேட்டை முற்றிலும் விட்டுவிட்டார். இரண்டுமே இழப்பு. பழைய விகாரம் சிதைந்துபோக, இளவயதில் தம்மைக் காத்த பிக்ஷுக்களின் நன்றிக்கடனை மறவாத மன்னர், அதே இடத்தில் புதிதாக எழுப்ப முன்வரும் கடாரத்தரசனுக்கு இசைவு தருகிறார் என்று வைத்தால் நாவலும் நிற்கிறது, செப்பேடும் நிற்கிறது. அதோடு, கடாரத்திலிருந்து கப்பலேறிச் செல்லும் ஒரு தூதுக்குழுவும் அதன் உள்நோக்கங்களும் நமக்குக் கதையாகக் கிடைக்கின்றன.

எல்லா மோதலும் இவ்வளவு எளிதில் தீராது. கல்வெட்டுகள் உத்தம சோழருக்குத் தேவியர் பலரைச் சொல்கின்றன. நாவலில் பூங்குழலி ஒருத்தியே. இதற்கு நான் எழுதிய தீர்ப்பு இன்றும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. அப்படிப்பட்ட இடத்தை உங்கள் கதையின் மையத்தில் வைக்காமல் ஒதுங்கிச் செல்வதும் ஒரு தீர்ப்புத்தான். அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

4. ஆண்டைத் தேர்ந்து, வயதைக் கூட்டிப் பார்த்தல்

கதை நடக்கும் ஆண்டை இப்போதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்ப்புத் தாள் தயாராகும் முன் ஆண்டைத் தேர்ந்தால், எந்த ஆண்டில் கதைக்கு இடம் இருக்கிறது என்பதே தெரியாது.

எங்கள் ஊரில் எல்லோரும் 1025ஐத்தான் முதலில் தேர்வர். ‘அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி’ என்னும், இராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் புகழும் மெய்க்கீர்த்தியின் அடியைக் கேட்டவர்களுக்கு வேறு ஆண்டு கண்ணில் படாது. ஆனால் கூட்டிப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் இறந்தது ஏறத்தாழ 969. அப்போது நாவலின் நாயகன் வந்தியத்தேவனுக்கு இருபது வயது என்று கொண்டாலும், 1025இல் அவனுக்கு எழுபத்தாறு. கடாரத்துக் கோட்டை மதிலில் அவனைக் கயிறு பிடித்து ஏறவைத்த அத்தியாயம் ஒன்றை ஒரு நண்பர் மிகுந்த விறுவிறுப்புடன் எழுதி வாசித்தார். கேட்டு முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மெல்ல வயதைக் கேட்டார். அந்த அத்தியாயம் முழுவதும் போயிற்று.

வழி இல்லாமல் இல்லை. 1025ஐ வேண்டுவோர், பழைய பாத்திரங்களின் பிள்ளைகளையும் மாணாக்கரையும் முன்னிறுத்தலாம். பழையவர்களே வேண்டும் என்போர், உத்தம சோழரின் பதினைந்து ஆண்டுகளை எடுக்கலாம். கொலை நடந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்பே உடையார்குடி ஆணை வருகிறது என்ற ஒரு செய்தியே ஒரு நாவலுக்குப் போதும். இரண்டுக்கும் இடையே 1006 இருக்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் வந்தியத்தேவரும், பெரிய கோயிலுக்குக் கொடைகள் அளிக்கப்போகும், இராஜராஜனின் அக்கா குந்தவையும் அப்போது இருக்கின்றனர். நான் எடுத்தது அதைத்தான்.

5. கண்முன் தெரியும் நிலத்தைத் துடைத்தல்

கடாரத்தை எழுத எங்களுக்குள்ள பேறு, அதைப் பார்த்துக்கொண்டே எழுதலாம் என்பது. எங்கள் பிழைகளும் அங்கிருந்தே வருகின்றன.

ரப்பர் மரங்களில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். கடாரத்துக் கானகத்தில் ஒரு விடியலை எழுதி வந்தார்: மூடுபனி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நிற்கிறது, மரங்களின் நேர்வரிசைகளுக்கு இடையே வெளிச்சம் நீண்ட பட்டைகளாக இறங்குகிறது, எங்கோ ஒரு காய் வெடிக்கும் ஓசை கேட்கிறது. அவ்வளவு அழகான பத்தியை நான் அந்த ஆண்டு வேறு யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அந்த நேர்வரிசையும் வெடிக்கும் காயும் பால்மரக் காட்டுக்கு உரியவை. ரப்பர்க் கன்றுகள் 1877இல்தான் இப்பகுதிக்கு வந்தன; செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து 1917இல்தான் இந்நாட்டில் தோட்டப் பயிராயிற்று. பனியை வைத்துக்கொள்ளுங்கள், வரிசையைக் கலையுங்கள் என்றேன். அவர் வரிசையைக் கலைத்துவிட்டு, வெளிச்சம் இலைகளில் சிக்கித் தரைக்கு வராமலே போவதாக மாற்றி எழுதினார். பத்தி முன்னிலும் நன்றாயிற்று.

எனவே துடைக்க வேண்டியவற்றின் பட்டியலொன்றை முதலிலேயே எழுதி மேசையில் வையுங்கள். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, பப்பாளி, அன்னாசி, மரவள்ளி ஆகியவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. சமையலில் காரம் வேண்டுமானால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் உண்டு. கடாரத்து அரசனைச் சுல்தான் என்று அழைக்கக் கூடாது. கெடா அரசகுடி இஸ்லாத்தைத் தழுவியதை மரபு வரலாறே 1136இல்தான் வைக்கிறது. சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் என்னும் பெயர்கள் உரையாடலில் வரவே கூடாது. மெய்க்கீர்த்தி தரும் கடாரம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மானக்கவாரம் முதலிய பெயர்களே போதும்.

துடைத்தபின் எஞ்சுவதை நேரில் சென்று பாருங்கள். ஜெராய் மலை, வரும் மாலுமிக்குக் கடலிலிருந்தே தெரியும் அடையாளம். மெர்போக் ஆற்றின் முகத்துவாரமும் அதன் சதுப்பு மரங்களும் இன்றும் இருக்கின்றன. மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மீட்டமைக்கப்பட்டுள்ள புக்கிட் பத்து பாஹாட் கோயிலைச் சுற்றி நடந்தால், அடித்தளமும் தூண்களைத் தாங்கிய பகுதிகளும் கல்லால் ஆனவை என்பதைக் காணலாம். மேலிருந்த கூரை மரத்தாலானது என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே கடாரத்தில் தஞ்சையைப் போன்ற கோபுரத்தை எழுப்பாதீர்கள். சுங்கை பத்துவில் இரும்பு உலைகளின் எச்சங்களும், உலைக்குள் காற்றைச் செலுத்திய களிமண் குழாய்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அரண்மனையைவிட அந்த உலைக்களம் கதைக்கு மிகுதியாக உதவும்.

காற்றின் திசையையும் இந்த நிலையிலேயே முடிவு செய்யுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்று. திரும்பிப் போக வடகிழக்குப் பருவக்காற்று. இதனால் கடாரம் வந்த கப்பல் அடுத்த வாரமே திரும்ப முடியாது. தூதுவர் மாதக்கணக்கில் தங்க நேரும். இந்தக் கட்டாயத் தங்கலைத் தடையாகக் கருதி மறைப்பவர் பலர். நட்பும் பகையும் வளர இதைவிட நல்ல காரணம் வேறு கிடைக்காது.

6. ஒரு புதிய கண்ணை அமர்த்துதல்

கதையை வந்தியத்தேவனின் கண்வழியே சொல்லத் தொடங்காதீர்கள். அவன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்பதை வாசகர் உங்களைவிட நன்கு அறிவர். ஒவ்வொரு வரியிலும் ஒப்பிடுவர். பழையவர் எவரும் அறியாத ஒரு புதிய மனிதரைப் படைத்து, அவர் பார்க்கும் தொலைவில் பழையவர்களை நிறுத்துங்கள். என் நாவலில் அவள், கடாரத்து இரும்பு உருக்கும் குடும்பத்தில் பிறந்து, தூதுக் கப்பலில் நாகப்பட்டினம் செல்லும் ஒரு பெண். வந்தியத்தேவர் அவளுக்கு, முழங்கால் வலியோடு படியேறும் ஒரு வெளிநாட்டு முதியவர் மட்டுமே.

7. விளியும் நடையும்

கல்கி வாசகரைத் தம்மோடு அழைத்துச் செல்லும் முறையைப் பலர் அப்படியே பின்பற்றுகின்றனர். அது அவருடைய குரல். நாம் எடுத்தால் வேடமாகத் தெரியும். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அமைப்பை: சிறிய அத்தியாயம், ஒரே காட்சி, முடிவில் திறந்து நிற்கும் ஒரு கேள்வி.

விளிகளுக்கு முதல் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அருள்மொழிவர்மர் குந்தவையை அக்கா என்றே அழைப்பார், முடிசூடிய பின்னரும். மற்றவர்க்கு அவர் இளைய பிராட்டி. இராஜராஜன் என்னும் பெயர் முடிசூட்டுக்கு முன் யார் வாயிலும் வரக் கூடாது.

8. அத்தியாயங்களைச் சீட்டில் எழுதி, பிறகு முதல் மூன்றை எழுதுதல்

ஓர் அத்தியாயத்துக்கு ஒரு சீட்டு. சீட்டில் மூன்று வரிகள்: முதல் வரியில் எங்கே, எந்த மாதம்; இரண்டாம் வரியில் யாருக்கு என்ன புதிதாகத் தெரியவருகிறது; மூன்றாம் வரியில் எந்தக் கேள்வியோடு முடிகிறது. இரண்டாம் வரியை நிரப்ப முடியாத சீட்டைக் கிழித்துவிடுங்கள். அந்த அத்தியாயத்தில் பயணம் மட்டுமே நடக்கிறது என்று பொருள்.

முதல் அத்தியாயத்தில் முன்கதைச் சுருக்கம் எழுதுவதே புதியவர்களின் தலையாய பிழை. ஐந்து பாகங்களை ஆறு பக்கங்களில் சுருக்கினால், படித்தவருக்குச் சலிப்பு, படிக்காதவருக்குக் குழப்பம். ஒரு பழைய செய்தி, அது ஒரு பாத்திரத்துக்கு வலிக்கும் இடத்தில் மட்டும் வெளிவரட்டும். ஆதித்த கரிகாலனின் கொலையை நான் முதன்முதலில் குறிப்பிடுவது ஒன்பதாம் அத்தியாயத்தில். அதுவும், ஒரு வாளைச் சாணை பிடிக்கக் கொடுக்கும்போது குந்தவை அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதன் வழியே.

9. இரண்டு வாசகரிடம் கொடுத்தல்

முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்ததும் நிறுத்தி, இருவரிடம் கொடுங்கள். ஒருவர் மூலநாவலைப் பலமுறை படித்தவராக இருக்க வேண்டும். மற்றவர் அதைத் தொட்டிராதவராக இருக்க வேண்டும். முதலாமவரிடம், எங்கே நம்ப முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். இரண்டாமவரிடம், எங்கே யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். பொதுவாக எப்படி இருக்கிறது என்று கேட்டால் இருவரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வர். நம் ஊரில் முகத்துக்கு எதிரே குறை சொல்லும் வழக்கம் குறைவு.

அவர்கள் சொல்லும் குறையை உடனே அத்தியாயத்தில் திருத்தாதீர்கள். அது எந்த ஏட்டில் பிறந்த பிழை என்று தேடி, முதலில் அந்த ஏட்டைத் திருத்துங்கள். இல்லையெனில் அதே பிழை இருபதாம் அத்தியாயத்தில் வேறு பாத்திரத்தின் வாய்வழியே திரும்பி வரும். ஏடு திருந்திய பின் மூன்று அத்தியாயங்களையும் முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதி, நான்காவது சீட்டை எடுங்கள்.